பச்சைப் பொத்தானை நம்பாதவர்

அக்காவிடம் "சரி" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போனவர்கள் யாரும் கிடையாது. எங்களுக்கு வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம், "நாளைக்கு வெள்ளன வாங்க, மேல் ரோட்டுக்குப் போயிறாதீங்க, மருந்துக் கடைக்கு முன்னுக்கே நில்லுங்க" என்பார் அக்கா. "சரிங்கக்கா" என்று அவர் வண்டியைக் கிளப்பப் பார்ப்பார். அக்கா விடமாட்டார். "என்ன சரி? நான் சொன்னதை நீங்க ஒருக்கா சொல்லுங்க பாப்போம்." அந்த மனிதர் திருதிருவென்று முழிப்பார். "மேல் ரோட்டுக்கு வரணுங்களா?" என்று கேட்பார். அக்கா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. நானும் அவரிடம் எத்தனையோ தடவை அப்படி மாட்டியிருக்கிறேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தவிரவும், அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

ஹட்டன் டவுனில் மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். பல்கலைக்கழகம் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு படிப்புச் செயலி செய்துகொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கம்பஸ் போகிற பிள்ளைக்கு அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். பாதி தலைக்கு மேலே போய்விடும். அந்தக் குறிப்பைப் போனில் படம் பிடித்துப் போட்டால், எங்கள் செயற்கை நுண்ணறிவு அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தமிழில், நம் பேச்சுக்குப் பக்கத்தில் வரும் மொழியில் விளக்கும். புரோகிராம் எழுதுவது என் வேலை. திரையை வடிவமைப்பது அக்காவின் வேலை. எந்த எழுத்து எவ்வளவு பெரிது, எந்தப் பொத்தான் எங்கே, பிள்ளை எதைப் பார்த்து எதை அழுத்தும் என்பதெல்லாம் அவர் பாடு. எங்களுக்கு மேலே, நாங்கள் சேர் என்று கூப்பிடும் நிர்வாகி. கொழும்பில் நிதி தருகிறவர்களோடு பேசுவது அவர் பொறுப்பு. ஆக மூன்றே பேர்.

லீவுக்கு வீட்டுக்கு வரும் மாணவர்களை மாடிக்குக் கூப்பிட்டுச் செயலியைக் கொடுத்துப் பார்ப்போம். பிள்ளை போனைப் பார்க்கும், அக்கா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். உதவி செய்யத் தன்னை அறியாமல் கை நீண்டுவிடும் என்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். குளிருக்கு நல்ல ஏற்பாடு என்று நான் கேலி செய்வேன். எல்லாம் முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "நல்லா இருக்குங்க" என்பார்கள் அத்தனை பேரும். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன்.

"எங்கப்பா மலையில வழுக்கி விழுந்து கால ஒடச்சுக்கிட்டாரு" என்றார் அக்கா. "மாவுக்கட்டு அவுத்த அன்னைக்கு டாக்டரு சிங்களத்துல என்னமோ சொன்னாரு. அப்பா 'ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா'ன்னு, சரிங்கய்யா சரிங்கய்யான்னு தலையாட்டுனாரு. இன்னும் ஒரு மாசத்துக்குக் கால ஊனக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு தம்பி. இவரு அடுத்த வாரமே வேலைக்குப் போயிட்டாரு. இன்னைக்கும் அந்தக் காலு கோணல்தான்."

"அவருக்குச் சிங்களம் தெரியாதா?"

"ஏன் தெரியாம? கடையில நின்னு நல்லாப் பேசுவாரு. டாக்டரு வேகமாச் சொல்லிட்டாரு, திருப்பிக் கேக்க வாய் வரல. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல நின்னு, மேல்பார்வை பாக்குற கண்டாக்கய்யா எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் 'சரிங்கய்யா'ன்னு சொல்லியே பழகுன மனுசன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கோபம்தான் இருந்தது. அப்பா மேலா, டாக்டர் மேலா, அந்தச் "சரி" மேலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சேர் துள்ளலோடு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து நிதி தரும் மேடம் ஒருவர் வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் செயலி மலையகப் பிள்ளைகள் படிக்கும் எல்லாப் பீடங்களுக்கும் போகும் என்றார். காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் தயாராக இருந்தேன். ஒவ்வொரு விளக்கமும் முடிந்ததும் செயலி "புரிந்ததா?" என்று கேட்கும். பச்சைப் பொத்தான் "புரிந்தது". சாம்பல் பொத்தான் "புரியவில்லை". பச்சை அழுத்தினால் அடுத்த பகுதி வரும். எல்லாம் பச்சையானால் "நீங்கள் பரீட்சைக்குத் தயார்" என்று வரும். இத்தனை மாதச் சோதனையில் சாம்பல் பொத்தானை யாரும் தொடவே இல்லை. சேர் என் முதுகில் தட்டினார்.

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒருத்தருமே அழுத்தலையா?"

"ஒருத்தர்கூட இல்லக்கா" என்றேன் பெருமையாக.

"அப்ப ஒருத்தருக்கும் புரியல."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நல்லது நடந்தால் இந்த அக்காவுக்குப் பொறுக்காது என்று நினைத்தேன். சேர் சிரித்து மழுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வரை யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா தர்ஷினியை வரச் சொன்னார். லிந்துலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கம்பஸ் போன பெண். எங்கள் செயலியில் அவளைப்போல விழுந்து விழுந்து படித்தவர்கள் இல்லை. காரணம் இருந்தது. புள்ளிவிவரவியல் பாடத்தில் இரண்டு தடவை தவறியிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் பட்டமே கிடையாது. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் போனில் எல்லாம் பச்சை.

"நியம விலகல், அந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன், படிச்சிட்டியா?" என்று கேட்டார் அக்கா.

"முடிச்சிட்டேங்கக்கா. தயார்னு வந்துருச்சு."

"அது என்னன்னு எனக்குச் சொல்லு."

தர்ஷினி ஆங்கிலத்தில் சூத்திரத்தை ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். "உன் பேச்சுலயே சொல்லு, பரவால்ல" என்றார் அக்கா. அவள் குடையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். போதும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அக்கா கையின் மேல் உட்கார்ந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணிலிருந்து போன் திரையில் நீர் விழுந்தது.

"பொறவு ஏம்மா புரிஞ்சதுன்னு அழுத்துன?"

"அவ்வளவு பொறுமையா நம்ம பேச்சுலயே சொல்லிட்டு, புரிஞ்சதான்னு கேக்குதுங்கக்கா. இல்லன்னு எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினுக்கு மரியாதையா? அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. தர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கக்கா, நான் நாளைக்கு வாரேன்" என்று எழுந்தாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அணைத்துக் கிடந்தது. அக்கா படியில் காலடி கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தார். சேருக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமை மேடத்துக்கு முன்னால் செயலியைப் பயன்படுத்திக் காட்டப்போவது தர்ஷினி என்று சொல்லி வைத்திருந்தார். "இருந்த ஒரே நல்ல பிள்ளையையும் விரட்டிட்டீங்க" என்று அக்காவிடம் கத்தினார். அக்கா மறுபடி தர்ஷினியின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தார்.

புதன்கிழமை அக்காவும் நானும் தலவாக்கலை போய் அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் லிந்துலைக்குப் போனோம். வழியெல்லாம் மழை. லயத்துக்கு ஏறும் பாதை சேறாகிக் கிடந்தது. தர்ஷினியின் அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எங்களைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்.

"தர்ஷினி படிக்குதுங்களா?" என்று கேட்டார் அக்கா.

"படிக்குதுங்க. எல்லாம் சரிங்க."

வாசல் ஓரத்தில் கட்டி வைத்த ஒரு பயணப் பை இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே சொன்னார். "பரீட்சைக்குப் போகலங்குது. ஞாயித்துக்கிழமை மாமா மகளோட கொழும்புக்குப் போகுதாம், கார்மன்ட்ஸ்ல வேலையிருக்காம். நான் என்னங்க செய்யிறது? எனக்கென்ன தெரியும் அது படிக்கிற படிப்பு?" சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே காம்பரா அறையில் தர்ஷினி இருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் வெளியே வரவில்லை.

அக்கா கூப்பிடுவார், கேட்பார், விடமாட்டார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. தன் போனை எடுத்து, தர்ஷினி ஏற்றியிருந்த குறிப்பைத் திறந்து, எங்கள் செயலியின் விளக்கத்தைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு அந்த அம்மாவிடம் சொன்னார்.

"எனக்கும் இது வெளங்கலைங்க. இத்தன மாசமா இந்தத் திரைய வரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சராசரி, சராசரிங்குது. ரெண்டு பேரோட சராசரி ஒண்ணா இருந்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தானே? பின்ன என்னத்துக்கு இன்னொரு கணக்கு?"

அவர் நடிக்கவில்லை. கணக்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது, எனக்குத் தெரியும். போனை இப்படியும் அப்படியும் திருப்பி மறுபடி வாசித்தார். மறுபடியும் அதையே தப்பாகச் சொன்னார்.

"இல்லைங்கக்கா. அப்படி இல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு தர்ஷினியே வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது.

"எங்கம்மா தெனமும் ஒரே அளவுலதாங்க கொழுந்து எடுப்பாங்க. அடுத்த வீட்டு அத்தை ஒரு நாள் கூடை நெறைய எடுப்பாங்க, ஒரு நாள் பாதிகூட வராது. மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா ரெண்டு பேருக்கும் சராசரி ஒண்ணா வரலாம். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல. அத்தையோடது சராசரியில இருந்து தள்ளித் தள்ளி நிக்குது. அம்மாவோடது கிட்டத்துலயே நிக்குது. அந்தத் தள்ளி நிக்கிறதைத்தான்..." அவள் நின்றாள். போனை வாங்கிக் குறிப்பைப் பார்த்தாள். உதடு அசைய எதையோ சொல்லிப் பார்த்தாள். "அதைத்தாங்க கணக்குப் பண்றது. இதுதானா அது?"

கடைசிக் கேள்வி யாரையும் பார்த்துக் கேட்டதில்லை. அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அத்தைகிட்ட இதெல்லாம் சொல்லிறாத" என்றார். அந்த வீட்டில் அன்று முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். தலவாக்கலை வந்ததும் சொன்னார். "அன்னைக்கு நான் அந்தப் புள்ளையக் கேட்டது கண்டாக்கய்யா கேக்குற மாதிரித்தான் இருந்திருக்கும் தம்பி. நம்ம செயலியும் அப்படித்தான் கேக்குது, சிரிச்ச மொகத்தோட. மேல நின்னு கேட்டா நம்ம ஆளுங்க வாயில சரிங்கிறதத் தவிர வேற வராது. தட்டுத் தடுமாறுறவங்கள கண்டாத்தான் 'இல்ல, அப்படி இல்ல'ன்னு வருது. பொத்தான எடுத்துரு. அது கேக்க வேணாம். கூடப் படிக்கிற ஒருத்தி மாதிரி, கொஞ்சம் தப்பாச் சொல்லிப் பாக்கட்டும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா?"

"ஏலாதா?"

ஏலாது, முடியவே முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் வியாழன் முழுக்க இடத்தைவிட்டு எழும்பாமல் அதையே செய்தேன். சேர் பார்த்துவிட்டு வெடித்தார். மேடத்துக்குப் பழையதைத்தான் காட்ட வேண்டும், புதியதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்றார். "பொத்தானை அழுத்துறதைவிட எளிமையா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். "யாருக்கு எளிமை சேர்?" என்று அக்கா கேட்டார்.

வெள்ளிக்கிழமை தர்ஷினி வந்தாள். அவள் வருவாளா என்று நாங்கள் மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மேடம் நல்ல மனுஷி, தமிழிலேயே பேசினார். தர்ஷினி பழைய செயலியைத் திறந்து வாசித்தாள், பச்சையை அழுத்தினாள், வாசித்தாள், அழுத்தினாள். "நீங்கள் பரீட்சைக்குத் தயார்" என்று திரையில் வந்தது. மேடம் கைதட்டினார்.

"நல்ல ஈஸியா இருக்காம்மா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேர் தர்ஷினியைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார், ஆமாம் என்று சொல் என்பதுபோல.

"ரொம்ப லேசுதாங்க மேடம்" என்றாள் தர்ஷினி. சேர் மூச்சுவிட்டார். "ஆனா எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்காமத்தான் எல்லாத்தையும் அழுத்துனேன். ரெண்டு தரமும் இப்படித்தாங்க கம்பஸ்லயும் தலையாட்டிட்டு பெயிலானேன்."

சேரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. முழுதாகச் சொல்லி முடித்தாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகவும் எங்களை நினைத்துக் கலக்கமாகவும் இருந்தது. வேறு என்ன இருக்கிறது என்று மேடமே கேட்டார். நான் புதியதைத் திறந்து கொடுத்தேன். செயலி தப்பாகச் சொன்னது, தர்ஷினி இல்லை என்று திருத்தினாள், செயலி அப்படியானால் இது எப்படி என்று கேட்டது, அவள் சொன்னாள், ஓரிடத்தில் சறுக்கினாள், அந்த இடத்துக்கு மட்டும் விளக்கம் வந்தது. மேடம் கவனமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"இது பிழையாச் சொல்லுதே. ஒரு பிள்ளை திருத்தத் தெரியாம அந்தப் பிழையையே பரீட்சையில எழுதிட்டா யார் பொறுப்பு?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்குங்க" என்றார் அக்கா. "அதுக்கு இன்னும் வேலை செய்யணும். ஆனா புரியாத புள்ளைக்குத் தயார்னு சொல்றதும் பிழைதானுங்களே. அதுக்கு யாருங்க பொறுப்பு?"

மேடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை சேர் வந்து முடிவைச் சொன்னார். பழையதே எல்லா இடத்துக்கும் போகிறது. புதியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "சரிதானே?" என்றார்.

"என்ன சரி சேர்?" என்று கேட்டார் அக்கா. "நாம என்ன செய்யப்போறோம்னு உங்க வாயால ஒருக்கா சொல்லுங்க."

சேர் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அவரும் மோசமான மனிதர் இல்லை. அக்கா நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். மறுநாளிலிருந்து வரவில்லை. அந்தப் பொத்தான் இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளைகள் இன்றைக்கும் அழுத்துகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதியதைத் தர்ஷினியின் போனில் மட்டும் போட்டுக் கொடுத்தேன். மாமா மகளோடு போக இருந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொழும்பு பஸ் ஏறவில்லை. பரீட்சை எழுதினாள். எழுதிவிட்டு எப்படி என்று கேட்டதற்கு, "தெரியலண்ணே" என்றாள். முடிவு வர மாதக்கணக்கானது. அக்கா வட்டகொடையில் தன் வீட்டிலிருந்தே வேறு யாருக்கோ திரை வரைந்துகொண்டிருந்தார். எப்போதாவது எனக்குப் போன் எடுப்பார். தர்ஷினியைப் பற்றி மட்டும் கேட்பார்.

ஒரு மத்தியானம் தர்ஷினி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். "அண்ணே, பாஸ்" என்றாள். நான் அக்காவுக்குப் போன் அடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"அக்கா, பாஸாயிட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "எந்தக் கேள்வியா? ரெண்டாவதுங்கக்கா." மறுபடி கேட்டது. தர்ஷினி தோளில் பையோடு ஜன்னலோரம் நின்று, கேள்வி என்ன, தான் என்ன எழுதினாள், ஏன் அப்படி எழுதினாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். நடுவில், "இல்லைங்கக்கா, அதுக்கு முன்னுக்கு இது வரணும்" என்று திருத்தினாள். பிறகு பேச்சு நின்றது. "அக்கா? கேக்குதுங்களா?" என்றாள். போனை என்னிடம் நீட்டினாள். "ஒண்ணுமே பேச மாட்டேங்குறாங்கண்ணே."

காதில் வைத்துப் பார்த்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"லைன்லதான் இருக்காங்க. நீ சொல்லு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். தர்ஷினி விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்லத் தொடங்கினாள்.